தராசுக்கு எண்ணத்தான் தெரியும்

காசிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உயிர் நண்டை நிறுத்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரானிக் தராசு 1.240, 1.255, 1.235 என்று ஆடிக்கொண்டே இருந்தது. "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே தம்பி? இதுக்கு உள்ள இன்னாதான் கீது? நண்டு காலை ஆட்டுனா இதுக்கு ஏன் தெரியுது?" என்றார். பின்னால் நாலு பேர் பையோடு நின்றதால், அப்புறம் சொல்கிறேன் அக்கா என்று நழுவிவிட்டேன். அந்த அப்புறம்தான் இந்தக் கட்டுரை.

பழைய இலக்கணக்காரர்கள் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்காகப் பிரித்தார்கள். எடுத்தல் என்றால் நிறுப்பது. முகத்தல் படியாலோ உழக்காலோ அளப்பது. நீட்டல் முழம் போடுவது. கணினிக்கு இந்த நான்கில் எண்ணல் மட்டும்தான் தெரியும். எடை, சூடு, கடல்மட்டம், காற்றில் உள்ள தூசி என எதை அதனிடம் கொடுப்பதானாலும், முதலில் அதை எண்ணக்கூடிய ஒன்றாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். எப்படி மாற்றுகிறார்கள், மாற்றும்போது எது தொலைந்து போகிறது என்பதுதான் நமக்கு விஷயம்.

தராசின் தட்டுக்கு அடியில் ஓர் அலுமினியக் கட்டை இருக்கும். லோட் செல் என்பார்கள். தட்டில் மீன் விழுந்தால் அந்தக் கட்டை வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான், ஆனாலும் வளையும். அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய உலோக இழையைப் பாய்போல மடித்து ஒட்டியிருப்பார்கள். கட்டை வளைந்தால் இழை இழுபடும். இழுபட்டால் நீளும், மெலியும், அதனால் அதன் மின்தடை கூடும். 1938-இல் இந்த உத்தியை அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். தடை மாறுவது மிகச் சிறிய அளவு என்பதால் நான்கு இழைகளை, பிளஸ் டூ இயற்பியலில் வாட்டி எடுத்த அதே வீட்ஸ்டன் சமனச்சுற்றாகக் கோத்திருப்பார்கள். 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 10 மில்லிவோல்ட் போல வெளியே வரும். 30 கிலோ தராசு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ மீனுக்கு ஒரு மில்லிவோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு.

இதுவரை எண் எதுவும் வரவில்லை. எடை வளைவானது, வளைவு தடையானது, தடை மின்னழுத்தமானது, அவ்வளவுதான். மீன் ஒரு நூல் கூடினால் மின்னழுத்தமும் ஒரு நூல் கூடும். இடையில் தாவல் இல்லை. இந்த வழவழப்பான அளவை அனலாக் என்கிறார்கள். இதை எண்ணாக்கும் சில்லுக்கு ஏ.டி.சி. என்று பெயர்.

கைத்தராசும் படிக்கல்லும்

ஏ.டி.சி. என்றதும் பயப்பட வேண்டாம். அதில் மிகப் பரவலான ஒரு வகை, நம் பழைய கைத்தராசு வேலை செய்த மாதிரியேதான் வேலை செய்கிறது. கடைகளில் 5, 2, 1 கிலோ கற்கள் இருக்கும். நமக்கு அதற்குப் பதில் 8, 4, 2, 1 கிலோ என்று ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியாக நான்கு கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தட்டில் 11.4 கிலோ பாறை மீன்.

முதலில் 8 கிலோ கல்லை வைக்கிறோம். மீன்தான் கீழே இருக்கிறது. சரி, கல் இருக்கட்டும். அடுத்து 4. மொத்தம் 12 ஆகி, கல் பக்கம் சாய்ந்துவிட்டது. 4-ஐ எடுத்துவிடு. 2 வைத்தால் 10, இருக்கட்டும். 1 வைத்தால் 11, இருக்கட்டும். வைத்த கல்லுக்கு 1, எடுத்த கல்லுக்கு 0 என்று வரிசையாக எழுதினால் 1011. அவ்வளவுதான், மீன் இருமத்துக்கு, அதாவது 0, 1 மட்டும் கொண்ட எண்முறைக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு கல்லும் ஒரு பிட். நான்கு கல்லுக்கு 16 அளவுகள் வரும். 10 கல் என்றால் 1024. பள்ளி மாணவர்கள் விளையாடும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருப்பது இந்த 10 பிட் வகைதான். 5 வோல்ட்டை 1024 ஆகப் பிரித்தால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட்.

நம் மீனில் 0.4 கிலோ கணக்கில் வராமல் போய்விட்டது. அதற்குச் சின்னக் கற்கள் வேண்டும், அதுவும் பாதி பாதியாக. அரை, கால், அரைக்கால், வீசம். பாட்டிமார் வாயில் கேட்ட இந்தச் சொற்கள் சரியாக 1/2, 1/4, 1/8, 1/16. இருமப் புள்ளிக்குப் பின்னால் வரும் நான்கு இடங்களும் இவையேதான். இது தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான், ஆனால் மறைப்பானேன். அரைக் கல் அதிகம், எடு. கால் இருக்கட்டும். அரைக்கால் இருக்கட்டும். வீசம் அதிகம், எடு. ஆக 1011.0110, அதாவது 11.375 கிலோ. 11.4-க்கு 25 கிராம் குறைவு. இன்னும் சிறிய கற்களை வைத்தால் நெருங்கலாம், ஆனால் 0110 0110 என்று அதே வரிசை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருமே தவிர, 11.4-ஐத் தொடவே தொடாது. இந்தச் சிக்கலுக்குப் பிறகு வருவோம்.

அக்காவின் தராசில் இருக்கும் சில்லு பெரும்பாலும் வேறு வகை. அது நிதானமான ஆள். வீட்டில் டிரம்மில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் சன்னமாக ஒழுகுகிறது. டிரம்மில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் கோட்டைத் தாண்டும் போதெல்லாம் ஒரு டம்ளர் மொண்டு ஊற்றுகிறோம். ஒரு மணி நேரத்தில் எத்தனை டம்ளர் மொண்டோம் என்று எண்ணினால், குழாய் எவ்வளவு விட்டது என்று தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் பொறுமையாக எண்ணுகிறோமோ அவ்வளவு துல்லியம். தண்ணீருக்குப் பதில் மின்சுமையை வைத்து இதையே செய்வதுதான் டெல்டா-சிக்மா வகை. எடைத் தராசு செய்பவர்கள் அதிகம் வாங்கும் எச்எக்ஸ்711 என்ற சில்லு இந்த வகைதான். வினாடிக்கு 10 முறையோ 80 முறையோ மட்டும் எண் கொடுக்கும், ஆனால் 24 பிட் கொடுக்கும். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 படிகள்.

டேர், அப்புறம் ஐந்து கிராம்

இனி வருவது வெறும் கணக்கு. 40 மில்லிவோல்ட் அகலத்தை அந்தச் சில்லு அத்தனை படிகளாகப் பிரிக்கிறது. நம் தராசு 30 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், 30 கிலோவுக்கு 41,94,304 படிகள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 139.81 படிகள்.

ஆனால் தட்டு காலியாக இருக்கும்போதே சில்லு ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். தட்டின் எடை, ஒட்டிய இழைகளின் ஏற்றத்தாழ்வு என்று பல காரணம். 84,210 என்று வைத்துக்கொள்வோம். அக்கா டேர் பொத்தானை அழுத்தும்போது நடப்பது இதுதான். தராசு அந்த 84,210-ஐ நினைவில் வைத்துக்கொண்டு, இனி வரும் எல்லா எண்ணிலிருந்தும் அதைக் கழிக்கும். கூடையை வைத்துவிட்டு அழுத்தினால் கூடையும் சேர்ந்து கழியும். கூடையை வைக்காமல் அழுத்திவிட்டு, கூடையோடு மீனை நிறுத்தால் என்ன ஆகும் என்று காசிமேட்டு வாடிக்கையாளருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கிராமுக்கு 139.81 என்பதும் சில்லுக்குத் தானாகத் தெரியாது. யாரோ ஒருவர் சரிபார்த்த 5 கிலோ கல்லை வைத்து, எண் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, 5000-ஆல் வகுத்துத் தராசுக்குள் பதித்திருக்கிறார். ஆக, எலக்ட்ரானிக் தராசுக்குள் படிக்கல் இல்லாமல் இல்லை. அந்தக் கல்லின் ஞாபகம் ஓர் எண்ணாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணில் கை வைத்தால் ஊரில் உள்ள எல்லா மீனும் இளைக்கும் அல்லது பருக்கும். சட்டம் தராசுக்கு முத்திரை கேட்பது இதற்காகத்தான்.

சரி, வஞ்சிரம் ஒன்றை வைக்கிறோம். சில்லு 3,51,672 என்கிறது. 84,210-ஐக் கழித்தால் 2,67,462. அதை 139.81-ஆல் வகுத்தால் 1913 கிராம். ஆனால் திரையில் 1.915 என்று வரும். ஏன்? தராசின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். இந்த மாதிரித் தராசில் அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், ஒரு படி 5 கிராம் என்று இருக்கும். காட்டும் எடை ஐந்து ஐந்தாகத்தான் நகரும். 1913-க்கு அருகில் 1910, 1915 இரண்டும் உண்டு. 1915 பக்கம், அதனால் அது. ஒரு கிராமை 139 துண்டாக வெட்டத் தெரிந்த சில்லை வைத்துக்கொண்டு எதற்கு இந்தக் கஞ்சத்தனம் என்று கேட்கலாம். உண்மையில் அந்தக் கடைசிப் படிகள் வெறும் சலசலப்பு. வெயில் ஏறினால் மாறும், மின்விசிறிக் காற்றுக்கு மாறும், பக்கத்தில் ஐஸ் உடைத்தால் மாறும். 24 பிட் என்பது சில்லு எவ்வளவு நுணுக்கமாகப் பேசும் என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு உண்மையாகப் பேசும் என்பதை அல்ல. விளம்பரங்களில் பிட் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

100 கிராமுக்குக் கீழே நிறுக்காதே என்பதற்கும் காரணம் இதுதான். இரண்டு கிலோவில் 5 கிராம் பெரிதல்ல. 50 கிராமில் அது பத்தில் ஒரு பங்கு.

நண்டு ஆடினால்

இப்போதுதான் அக்காவின் கேள்விக்கு வருகிறோம். நண்டு காலை உதைக்கும்போது அதன் எடை மாறுவதில்லை, தட்டின்மேல் அது கொடுக்கும் அழுத்தம் மாறுகிறது. தராசு வினாடிக்குப் பத்து முறை எட்டிப் பார்க்கிறது. ஒரு தடவை உதைத்த கணம், இன்னொரு தடவை சும்மா இருந்த கணம். அதனால் பல தராசுகள் கடைசிச் சில எண்களைக் கூட்டிச் சராசரி காட்டும். அதிக எண்களைச் சேர்த்தால் ஆட்டம் அடங்கும், ஆனால் மீனை எடுத்த பிறகும் எடை இறங்க நேரமாகும். வாடிக்கையாளருக்குப் பொறுமை இருக்காது. எவ்வளவு நேரம் காக்கலாம் என்பதை இயற்பியல் முடிவு செய்வதில்லை, சந்தைதான் முடிவு செய்கிறது.

எத்தனை முறை எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு விதி உண்டு. எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று கடல்மட்டம் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். நீங்கள் சரியாக 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து எழுதினால், ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே மட்டம்தான் இருக்கும். நோட்டைப் படிப்பவர் வங்கக் கடலில் ஓதமே கிடையாது என்று முடிவு கட்டிவிடுவார். நீங்கள் எழுதிய ஒவ்வோர் எண்ணும் சரி, நோட்டு மொத்தமும் பொய். ஓர் ஏற்ற இறக்கச் சுற்றுக்குள் இரண்டு முறைக்கு மேல் பார்த்தால்தான் இந்த ஏமாற்று நடக்காது. இதை ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும் கிளாட் ஷானன் 1949-இலும் எழுதிய கட்டுரைகளோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

4078 டிகிரியில் இறால்

என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் நண்பன் ஒருவன் இறால் வைக்கும் ஃப்ரீசருக்குள் டி.எஸ்.18பி20 என்ற வெப்பநிலை உணரியைப் போட்டு, கணினியில் பதிவு செய்ய நிரல் எழுதிக் கொடுத்தேன். வெளியே சோதித்தபோது 28 டிகிரி என்று அழகாகக் காட்டியது. உள்ளே வைத்த பிறகு 4078 டிகிரி என்றது. இரும்பே உருகி ஓடியிருக்கும்.

அந்த உணரி வெப்பநிலையை வீசக் கணக்கில் அனுப்புகிறது. ஒரு படி 1/16 டிகிரி. 28 டிகிரிக்கு 448 வரும். 16-ஆல் வகுத்தால் சரி. ஃப்ரீசருக்குள் −18. பதினாறால் பெருக்கினால் −288. ஆனால் பிட்டுகளில் கழித்தல் குறி போட இடமில்லை, 0-வும் 1-ம் மட்டும்தான். அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 00000-இல் இருக்கும்போது சக்கரத்தைப் பின்னால் சுற்றினால் 99999 ஆகும் அல்லவா? அந்த 99999-ஐ −1 என்று வைத்துக்கொள்வோம், 99998-ஐ −2 என்று. 16 பிட்டில் மொத்தம் 65,536 எண்கள். அதில் −288 என்பது 65,536-இல் 288 குறைத்து, 65,248. மேல்பாதி எண்கள் எல்லாம் கழித்தல் எண்கள் என்பது ஒப்பந்தம். என் நிரலுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. 65,248-ஐ 16-ஆல் வகுத்து 4078 என்று போட்டுவிட்டது.

ஒரே பிட்டுகள், இரண்டு வாசிப்பு. எந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது என்று தெரியாமல் பிட்டுகளைப் படிக்க முடியாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே சிதறியதும் இந்தக் குடும்பத்துக் கோளாறுதான். 64 பிட்டில் இருந்த ஓர் அளவை, 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட் பெட்டிக்குள் திணித்தார்கள், கொள்ளவில்லை.

அதே உணரியிடம் இன்னொரு குறும்பு உண்டு. மின்சாரம் வந்த உடனே, அளப்பதற்கு முன்பே படித்தால் 85 டிகிரி என்று சொல்லும். அது அளவே இல்லை, இன்னும் அளக்கவில்லை என்பதன் அடையாளம். மின்வெட்டுக்குப் பிறகு பதிவில் 85 வந்தால் இறால் வெந்துவிட்டதாக நினைத்து அலற வேண்டாம். நண்பன் ஒருமுறை அலறினான்.

பத்தில் ஒன்று என்ற தொல்லை

11.4-ஐ விட்டுவைத்தோமே, அதற்கு வருவோம். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போகும் கற்களால் பத்தில் ஒன்றை முழுதாகச் செய்ய முடியாது. நம் பழைய கணக்கில் இதற்கு மா என்ற வேறு வாய்பாடு இருந்தது. ஒரு மா 1/20, இரண்டு மா 1/10. கணினிக்கு வீசம் தெரியும், மா தெரியாது. 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 என்ற தரப்படி இன்று பெரும்பாலான கணினிகள் புள்ளி எண்களைச் சேமிக்கின்றன. அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி தப்பாகக் கூட்டவில்லை. அதன் கையில் இருந்தது 0.1-க்கு மிக அருகில் உள்ள வேறு ஓர் எண்.

கடைக் கணக்குக்கு இந்த வித்தியாசம் ஒரு தூசுகூட இல்லை. ஆனால் சேர்ந்துகொண்டே போனால் தூசும் மேடாகும். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நூறு மணி நேரமாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணி, 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கியது. நூறு மணி நேரத்தில் பிழை 0.34 வினாடி. வந்த ஸ்கட் ஏவுகணைக்கு அந்த நேரம் அரை கிலோமீட்டருக்கு மேல். அதைத் தடுக்க முடியவில்லை, 28 ராணுவத்தினர் இறந்தார்கள்.

இதற்கு எளிய வைத்தியம் புள்ளியை ஒழிப்பது. கிலோவை விட்டு கிராமில் எண்ணு, ரூபாயை விட்டுப் பைசாவில் எண்ணு. கிலோ 800 ரூபாய் என்றால், 1915 கிராம் வஞ்சிரத்துக்கு 1915-ஐ 80,000 பைசாவால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 1,53,200 பைசா. எல்லாம் முழு எண். 1532 ரூபாய் என்று புள்ளி வைப்பது கடைசியில், மனிதருக்குக் காட்டும்போது மட்டும்.

மணலியின் எண்

தராசில் ஓர் எண் மாறி மாறி வந்தாலும் கடைசியில் கிராம் கிராமாகவே இருக்கிறது. காற்றுத் தரக் குறியீடு அப்படி இல்லை. மணலியில் உள்ள கண்காணிப்பு நிலையத்தின் எண்ணைச் செயலியில் பார்ப்பவர்கள் அது ஏதோ நேரடி அளவு என்று நினைக்கிறார்கள். நுண்துகளை அளக்கும் பரவலான கருவி ஒன்று, காற்றை ஒரு நாடா வடிகட்டியின் வழியே இழுத்து, படிந்த தூசி பீட்டா கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று எண்ணுகிறது. அதிலிருந்து ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று வரும். பிறகு 24 மணி நேரச் சராசரி. பிறகு ஓர் அட்டவணை. இந்தியக் குறியீட்டில் பி.எம்.2.5 எனப்படும் இந்த நுண்துகள் 30 வரை போனால் குறியீடு 50, 60-க்கு 100, ஆனால் 90-க்கு 200. முதல் இரண்டு முப்பதுக்கும் ஐம்பது ஐம்பதாக ஏறியது, மூன்றாவது முப்பதுக்கு நூறு ஏறுகிறது. குறியீடு 200 என்றால் 100-ஐப் போல இரண்டு மடங்கு தூசி என்று சொல்ல முடியாது, ஒன்றரை மடங்குதான். மற்ற மாசுகளுக்கும் இப்படித் தனித்தனியாகப் போட்டு, எது மோசமோ அந்த ஒன்றைத்தான் திரையில் காட்டுகிறார்கள். இந்தக் குறியீடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்து விவாதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், என்னத்தைச் சொல்ல.

கருவி பழுதானால் அந்த மணி நேரத்துக்கு எண் இருக்காது. அந்த இடத்தைப் பதிவில் காலியாக விட வேண்டும். தரவிறக்கிய கோப்பில் காலி இடங்களில் எல்லாம் யாராவது 0 போட்டு நிரப்பிவிட்டால், கணினி அதையும் ஓர் அளவாகவே எண்ணும். அன்றைக்கு மணலியில் இமயமலைக் காற்று வீசியதாகக் கணக்கு வந்துவிடும்.